கரிசல் ரோட்டில் பழைய கார்: புதிதாக ஸ்டியரிங் பிடிப்பவர்களுக்கு

தாத்தாவின் அம்பாசடரை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டீர்கள். அல்லது எங்கோ பேரம் பேசி ஒரு பத்மினியையோ ஹெரால்டையோ வாங்கி, மதுரையில் பெயிண்ட் அடித்து அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். அடுத்த நாளே வீட்டில் கேட்பார்கள்: "நம்ம ஊரு ரோட்டுல இதெல்லாம் தாங்குமா?"

தாங்கும். அம்பாசடருக்கு மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு. 1950-களின் கடைசியில் கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் கட்டத் தொடங்கி 2014 மே மாதம் நிறுத்தினார்கள். அது ஓடத் தொடங்கிய காலத்தில் இங்கே நாலு வழிச்சாலை ஏது? கப்பிக்கல் ரோடும் மாட்டுவண்டித் தடமும்தான். அதில் ஓடித்தான் அந்த வண்டி பேர் வாங்கியது. அதனால் திருச்சுழி, நரிக்குடி, பரளச்சி என்று குண்டும் குழியுமான ரோட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். வெயில், தூசி, ரோட்டோரம், ரோட்டில் காயும் கதிர், இவற்றோடு உங்கள் அவசரம். பழைய வண்டியை முடித்து வைப்பவை இவைதான். தம்பிகளும் தாயிகளும் கேட்கும்போதெல்லாம் வாய்வார்த்தையாகச் சொல்லி வந்ததை இங்கே எண் போட்டு எழுதியிருக்கிறேன்.

1. உங்கள் வண்டியின் சுபாவத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழைய கார் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. அம்பாசடருக்கு முன்னால் டார்ஷன் பார், பின்னால் பட்டை ஸ்பிரிங். கனத்த வண்டி, பள்ளத்தை வாங்கிக்கொள்ளும். பத்மினி என்பது பம்பாய் குர்லாவில் கட்டிய ஃபியட் 1100, 1089 சி.சி. எஞ்சின், திருப்ப லேசு, ஆனால் நாலு பேரும் மூட்டையும் ஏறினால் பின்பக்கம் தரையைத் தேடும். ஹெரால்டு நம் மெட்ராஸ் வண்டி. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் கட்டியது. தனி சேஸிஸ், பானட் முழுக்க முன்பக்கமாகத் திறக்கும், சின்ன இடத்தில் திரும்பும். ஆனால் அதன் பின்சக்கரங்கள் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாக நுழைந்து பாதியில் பயந்து ஆக்சிலேட்டரை விட்டீர்களானால் பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி வாலைச் சுழற்றிவிடும். ஹெரால்டுக்காரர்கள் வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைக்க வேண்டும். வளைவுக்குள் குறைக்கக் கூடாது.

அம்பாசடரிலும் பத்மினியிலும் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியரைத் திணித்தால் கறகறவென்று பல் கடிக்கும். நின்று போடுங்கள், அல்லது இரட்டை கிளட்ச் பழகுங்கள்.

2. கிராம ரோட்டில் 40-க்கு மேல் போகாதீர்கள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி பதினைந்து கிலோமீட்டர் சுமார். 60-ல் போனாலும் 40-ல் போனாலும் ஏழெட்டு நிமிஷம்தான் வித்தியாசம். அந்த ஏழெட்டு நிமிஷத்துக்குக் கொடுக்கும் விலை ஒரு சாக்கப்சர், ஒரு ஜோடி புஷ், சில சமயம் ஒரு பட்டை.

அசல் ஆபத்து நல்ல ரோட்டில்தான் இருக்கிறது. மதுரை–தூத்துக்குடி நாலு வழிச்சாலை நம் ஊரை ஒட்டிப் போகிறது. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள், தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்கள், 100-க்கு மேல் பறக்கும் கார்கள். உங்கள் வண்டிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். அதுவும் ஒரே குழாய் வழியாக. ஒரு ஹோஸ் வெடித்தால் நாலும் போச்சு. பின்விளக்கு ஒரு அகல்விளக்கு அளவுக்குத்தான் எரியும். சீட் பெல்ட் கிடையாது. குலுக்கும் ரோட்டில் ஒரு மணி நேரம் கவனமாக வந்தவர், வழவழப்பான ரோடு ஏறியதும் காலை அழுத்துகிறார். அந்த இடத்தில்தான் விபத்து. முடிந்தவரை பழைய ஊர்ப்பாதையிலேயே போங்கள். நாலு வழிச்சாலையில் போயே ஆக வேண்டுமென்றால் இடது ஓரத் தடம், விடிந்த பிறகு, பின்னால் ஒரு சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டை ஒட்டிக்கொண்டு.

3. பள்ளத்துக்கு முன்னால் பிரேக், பள்ளத்துக்குள் பிரேக் கூடாது. இந்த ஒன்றைப் பழகினாலே வண்டியின் முன்பாகம் பத்து வருஷம் கூட வாழும். பிரேக்கை மிதித்தபடி பள்ளத்தில் இறங்கினால் வண்டியின் பாரம் முழுக்க முன்னால் சாய்ந்து, ஸ்பிரிங் ஏற்கனவே அமுங்கியிருக்கும். சக்கரமும் உருளாமல் இறுகியிருக்கும். பள்ளத்தின் எதிர் விளிம்பில் அது உருண்டு ஏறாது, மோதும். அந்த அடி கிங்பின்னுக்கும் ஸ்டியரிங்குக்கும் நேராகப் போகும். பள்ளத்துக்கு நாலைந்து கஜம் முன்பே வேகத்தைக் கொன்றுவிட்டு, விளிம்பில் காலை எடுத்துவிடுங்கள். வண்டி தானாக இறங்கி ஏறும்.

ஸ்டியரிங்கை இறுகப் பிடிக்காதீர்கள். கட்டைவிரலை உள்ளே கோர்க்காமல் வளையத்தின் மேலேயே வையுங்கள். குழியில் விழும்போது ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பும். கோர்த்த விரல் சுளுக்கிக்கொள்ளும்.

வேகத்தடையில் சிலர் வண்டியைக் கோணலாக ஏற்றுவார்கள், அடி தட்டாமல் இருக்க. புது வண்டிக்குச் சரி. பழைய வண்டியைக் கோணலாக ஏற்றினால் உடம்பு முறுக்கிக்கொள்ளும். ஹெரால்டில் கதவு திறந்துகொள்வதே உண்டு. இரண்டு சக்கரமும் ஒன்றாக, நேராக, நடக்கிற வேகத்தில் ஏற்றுங்கள். அடி தட்டுகிறதென்றால் பின்சீட்டுக்காரரை இறங்கச் சொல்லுங்கள். வெட்கம் என்ன இதில்?

தண்ணீர் தேங்கிய பள்ளத்தின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் போகும் மோட்டார் சைக்கிள் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பாருங்கள். உள்ளூர்க்காரனுக்குக் குழி மனப்பாடம்.

4. தார் விளிம்பை நம்பாதீர்கள். பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டம் 2000-ல் வந்த பிறகு உள்ளூர்களுக்கெல்லாம் தார் வந்தது. ஆனால் அகலம் பெரும்பாலும் 3.75 மீட்டர்தான். எதிரே ஒரு டிராக்டர் வந்தால் இருவரும் இடது சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் ஆக வேண்டும்.

கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். இந்த உப்பலிலும் சுருக்கத்திலும்தான் நம் ரோட்டின் விளிம்பு பிஸ்கட் மாதிரி உடைந்து, ஒரு சாண் பள்ளமாகத் தொங்குகிறது. கோடையில் இறங்க வேண்டி வந்தால் வேகத்தைக் குறைத்து, சற்றே கோணத்தில் இறங்கி, மறுபடி ஏறும்போது இன்னும் கூடுதலாக ஒடித்து ஏறுங்கள். விளிம்போடு இணையாகப் போய்க்கொண்டே மெல்ல ஏற முயன்றால் டயரின் பக்கச்சுவர் கிழியும். திடீரென ஏறிய வண்டி எதிர்ப்பக்கம் பாய்ந்துவிடவும் செய்யும்.

மழைக்காலத்தில் இறங்கவே இறங்காதீர்கள். நனைந்த கரிசலில் சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றினால் மண் டயரோடு அப்பிக்கொண்டு மேலே ஏறும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே போய் இறுகும். அடுத்த பத்தடியில் சக்கரம் சுற்றவே இடமிருக்காது, முன்சக்கரம் திரும்பாது. பிறகு கம்பியை வைத்துத் தோண்டி எடுக்க வேண்டும். காய்ந்துவிட்டால் உளிதான். எதிரே வண்டி வந்தால் நாலு சக்கரமும் தாரிலேயே இருக்கும்படி நில்லுங்கள். ரிவர்ஸ் எடுத்துப் பாலத்தடி, ஊர் முகப்பு என்று அகலமான இடத்துக்குப் பின்வாங்குங்கள். நம் பக்கத்து டிராக்டர்க்காரர்கள் நல்லவர்கள். பழைய வண்டி என்று கண்டால் அவர்களே ஒதுங்குவதும் உண்டு.

5. ரோட்டில் காயும் கதிர் மேல் ஏற்றும் முன் இரண்டு தரம் யோசியுங்கள். தையிலிருந்து பங்குனி வரை இந்தக் காட்டில் களத்தைவிட ரோட்டில்தான் அதிகம் காயும். உளுந்து, பாசிப்பயறு, எள், மல்லி, சோளம், குதிரைவாலி எதுவானாலும் செடியோடு பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரம் மிதித்து மணி உதிரும். அவர்களுக்குக் கூலி மிச்சம். சட்டப்படி சரியில்லை என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்; ஒரு களம் கட்டித் தராத ஊரில் அவர்கள் வேறென்ன செய்வார்கள்.

ஆனால் நம் வண்டிகளெல்லாம் பின்சக்கரம் இழுப்பவை. எஞ்சினிலிருந்து பின் ஆக்சில் வரை ஒரு தண்டு, புரொப்பல்லர் சாஃப்ட், வயிற்றுக்கடியில் சுற்றிக்கொண்டே இருக்கும். உளுந்தஞ்செடி கொடி மாதிரி நீண்டு பின்னிக் கிடக்கும். ஒரு கொத்து அந்தத் தண்டில் மாட்டினால் போதும், நூல்கண்டு போல் சுற்றிக்கொண்டே போய் ஜாயிண்டில் கட்டியாக இறுகும். அதற்கு ஒட்டினாற்போல் சைலன்சர் குழாய். வெளியில் 38 டிகிரி வெயில், செடி சருகாகக் காய்ந்தது, குழாய் கொதிக்கிறது. புகை வாசனை வந்த பிறகு உங்களுக்கு இருக்கும் நேரம் மிகக் குறைவு. கார் மட்டுமா, கதிரும் எரியும்.

அதனால் பரப்பி இருந்தால் ஓரமாக விட்டிருக்கும் வழியில் போங்கள். வழியில்லை என்றால் இறங்கி, "அத்தே, கொஞ்சம் ஒதுக்குங்க, பழைய வண்டி" என்று சொல்லுங்கள். வாருகோலை எடுத்து ஒதுக்கித் தருவார்கள். ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் நிற்காமல், மெதுவாக, கியர் மாற்றாமல் கடந்துவிடுங்கள். தாண்டியதும் நூறடி தள்ளி வெறும் தாரில் நிறுத்திக் குனிந்து பாருங்கள். கதிரின் மேல் நிறுத்தி எஞ்சினை ஓடவிடுவது மட்டும் ஒருக்காலும் கூடாது. டிக்கியில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும்; பூச்சட்டி அளவு சின்னது போதும், காலாவதித் தேதி பார்த்து.

6. ஆட்டு மந்தைக்கு ஹாரன் அடிக்காதீர்கள். நின்றுவிடுங்கள். மயில் ஒன்று ரோட்டைக் கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு வரும்.

7. வெயிலுக்கு முன்னால் கிளம்புங்கள். அக்னி நட்சத்திரத்தில் பதினோரு மணிக்குமேல் பழைய வண்டியை எடுக்க ஒரே காரணம் ஆஸ்பத்திரிதான். அம்பாசடரின் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. சூட்டில் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியை அந்தப் பம்ப் இழுக்காது. வண்டி இருமி இருமி நின்றுவிடும். டேங்கில் பெட்ரோல் இருக்கும், கார்புரேட்டரில் இருக்காது. புதிதாக வண்டி எடுத்தவர் செல்ஃபை அடித்து அடித்து பேட்டரியையும் தீர்த்துவிடுவார். பானட்டைத் திறவுங்கள், பம்ப் மேலும் அதற்கு வரும் குழாய் மேலும் ஈரத்துணி போடுங்கள், வேப்பமர நிழலில் ஒரு டீ குடித்து வாருங்கள். வண்டி கிளம்பும். இந்த ஈரத்துணி வைத்தியம் அந்தக் காலத்து டாக்ஸி டிரைவர் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

நிறுத்தும்போது வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிராக வைத்து நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்த பிறகுதான் உள்ளே சூடு ஏறும். விசிறி நின்றுவிட்டது, தண்ணீரும் ஓடவில்லை. காற்றாவது ரேடியேட்டருக்குள் போகட்டும். கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள்; வெறுங்கையால் தொடும் சூடு வரும்வரை காத்திருங்கள்.

அதைவிட முக்கியம், என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்பது. நம் பக்கத்துப் போர்த்தண்ணி உப்பு. பாத்திரத்தில் காய்ச்சினால் வெள்ளையாகப் படியுமே, அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. வண்டி சூடாகிறது என்று சொல்லிக் கொண்டுவரும் வண்டிகளில் பாதிக்கு வியாதி இதுதான். மழைத்தண்ணியைப் பிடித்து வையுங்கள், அல்லது பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்கி, கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். ஐந்து லிட்டர் கேன் ஒன்று எப்போதும் டிக்கியில் இருக்க வேண்டும். குடிக்கிற தண்ணீர் தனி.

ரேடியேட்டர் வழியில் ஒழுகினால் மஞ்சள்தூள் ஒரு கைப்பிடி போடுவார்கள். ஓட்டை ஓரளவு அடையும். பெட்ரோல் டேங்க் கசிந்தால் பார் சோப்பைப் பிசைந்து அப்பலாம். பெட்ரோலில் சோப் கரையாது. இரண்டும் வீடு வந்து சேர மட்டும். மறுநாள் ரேடியேட்டரைக் கழுவியாக வேண்டும், டேங்க்கைக் கழற்றிப் பற்ற வைத்தாக வேண்டும். மஞ்சளோடு ஒரு வருஷம் ஓட்டியவர்கள் உண்டு. கடைசியில் எஞ்சினைப் பிரிக்க நேர்ந்ததும் உண்டு.

8. இன்றைய பெட்ரோல் உங்கள் வண்டிக்காகக் காய்ச்சியது அல்ல. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க நின்றது. பழைய வால்வு சீட்டுகள் அந்த ஈயத்தை நம்பி இருந்தவை. அதனால் டாப்பெட் இடைவெளியை அடிக்கடி பார்க்க வேண்டும். அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கு 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வந்தால் சீட் தேய்கிறது என்று அர்த்தம்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய் அதில் ஊறி இளகும். பம்பின் டயாபிரம் விறைக்கும். எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் டேங்க் உள்ளே துருப் பிடிக்கும். குழாய்களையும் டயாபிரத்தையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். வண்டியை மாதக்கணக்கில் பாதி டேங்கோடு நிறுத்தாதீர்கள். வாரம் ஒரு தரமாவது ஓட்டுங்கள். மருந்து அதுதான்.

9. அடைத்த ஜெட்டை ஊசியால் குத்தாதீர்கள். ஆடிக்காற்றில் கரிசல் தூசி பவுடராகப் பறக்கும்; அதில் கொஞ்சம் பெட்ரோலோடும் போகும். 1888-ல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் அம்மாள், கணவரிடம் சொல்லாமல் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டினார். நெடுந்தூரக் கார்ப் பயணத்துக்கு முதல் ஆள் அவர்தான். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். அவருக்கு அது சரி, அது குழாய். கார்புரேட்டர் ஜெட் பித்தளை, அதன் துளையின் அளவுதான் உங்கள் மைலேஜ். குத்தினால் துளை பெரிதாகும், வண்டி பெட்ரோல் குடிக்கும், பிளக் கருக்கும். கழற்றி வாயால் ஊதுங்கள். போகாவிட்டால் டயர் பம்பால் காற்றடியுங்கள். டேங்குக்கும் பம்புக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஃபில்டர் போட்டுவிட்டால் இந்த வேலையே குறையும். ஜீப் வைத்திருப்பவர்கள் ஏர்கிளீனரின் ஆயில் தொட்டியைப் பாருங்கள். கோடையில் ஒரே வாரத்தில் அது சேறாகிவிடும்.

10. கிரீஸ் அடிப்பதை மெக்கானிக்கிடம் விடாதீர்கள், நீங்களே அடியுங்கள். வண்டிக்கடியில் படுத்து ஒவ்வொரு நிப்பிளாகத் துணியால் துடைத்து, பழைய கறுத்த கிரீஸ் பிதுங்கி வெளியே வந்து புது கிரீஸ் தலை காட்டும்வரை அழுத்துங்கள். துடைக்காமல் அடித்தால் நிப்பிள் மேல் இருந்த மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறீர்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தரம்; மழையில் ஓடியிருந்தால் அதற்கு முன்பே. ஒரு விதிவிலக்கு: ஹெரால்டின் முன்சக்கரக் கீழ் டிரனியனுக்கு கிரீஸ் இல்லை, கியர் ஆயில். அங்கே கிரீஸ் அடித்துக் காயவிட்டால் திருகு தேய்ந்து ஒரு நாள் சக்கரம் அப்படியே மடங்கி உட்காரும். பல மெக்கானிக்குகளுக்கு இது தெரியாது. நீங்கள் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அடியில் படுக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். ஸ்டாண்டு போடுங்கள், இல்லையென்றால் கட்டை அடுக்குங்கள்.

11. முள்ளுக்குத் தயாராக இருங்கள். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்ட காலத்தில் மாட்டு லாடத்து ஆணிதான் டயருக்கு எமன். காந்தம் பொருத்திய வண்டியை விட்டு ரோட்டு ஆணிகளைப் பொறுக்கினார் என்று சொல்வார்கள். இன்றைக்கு லாடம் இல்லை, வேலிக்கருவை இருக்கிறது. கரிமூட்டத்துக்கு வெட்டி ஏற்றிப்போகும் விறகிலிருந்து விழும் முள்ளைக் காந்தமா பொறுக்கும்? ஓரத்தில் விறகு வண்டி நின்ற தடம் இருந்தால் ரோட்டின் நடுவில் போங்கள். மாதம் ஒரு தரம் டயரைக் கையால் தடவிப் பாருங்கள். முள் உடனே டியூபைத் தொடாது. டயருக்குள் குந்தியிருந்து, நாலு நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

டயரின் பூ தேயவில்லை என்று நம்பாதீர்கள். பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரம் செய்தது. ஏழெட்டு வருஷம் தாண்டினால் பூ புதிதாக இருந்தாலும் மாற்றுங்கள். நின்றபடியே கெட்டுப்போவதுதான் பழைய வண்டி டயர்.

கரிசலில் ஜாக்கி போட்டால் வண்டி ஏறாது, ஜாக்கி இறங்கும். ஒரு அடிக்கு ஒரு அடி கனமான பலகைத் துண்டு ஒன்று ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

12. குண்டாறு காய்ந்துதான் கிடக்கும், ஐப்பசி கார்த்திகை தவிர. அந்த இரண்டு மாதத்தில் மேற்கே பெய்த மழை இங்கே வெயில் அடிக்கும்போது வந்து சேரும். தரைப்பாலத்தின் ஓரக்கல் தலை தெரியவில்லை என்றால் திரும்பிவிடுங்கள். பஸ் போகிறதே என்று பின்னால் போகாதீர்கள், பஸ்ஸின் கனம் வேறு. கணுக்கால் தண்ணீர் என்றால் முதல் கியரில், ஆக்சிலேட்டரை ஒரே சீராக வைத்து, நிற்காமல் போங்கள். கரையேறியதும் முதல் வேலை பிரேக்கை மெல்ல அழுத்தியபடி கொஞ்ச தூரம் ஓட்டுவது. நனைந்த டிரம் பிரேக் பிடிக்கவே பிடிக்காது, காயும்வரை.

13. இரவில் வேண்டாம்.

14. ஹேண்டில் போட்டுக் கிளப்பத் தெரிந்திருக்க வேண்டும். பேட்டரி இறந்த இடம் பெரும்பாலும் ஆள் இல்லாத இடம். நியூட்ரல், ஹேண்ட்பிரேக், இரண்டையும் கையால் தொட்டு உறுதி செய்யுங்கள். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடிக்கக் கூடாது. கீழிருந்து மேலே இழுங்கள். மேலிருந்து கீழே அழுத்தாதீர்கள். எஞ்சின் உதைத்துத் திருப்பினால் திறந்த கையிலிருந்து ஹேண்டில் நழுவிப் போகும். வளைத்துப் பிடித்த கட்டைவிரலாக இருந்தால் முறியும். டைமிங் முன்கூட்டி வைத்த வண்டி கட்டாயம் உதைக்கும்.

15. டிக்கியில் இருக்க வேண்டியவை: பாயிண்ட், கண்டன்சர், ரோட்டார், ஒரு பிளக், ஃபேன் பெல்ட், ஹோஸ் கிளிப், ஒரு முழம் பெட்ரோல் குழாய், கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், ஃபீலர் கேஜ், டார்ச். ஓடிக்கொண்டிருந்த வண்டி சொல்லாமல் கொள்ளாமல் நின்றால் முதலில் கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள். இப்போது கடையில் கிடைக்கும் புதுசு பல ஆறு மாதம் தாங்குவதில்லை. பழைய வண்டியிலிருந்து கழற்றிய நல்லது கிடைத்தால் அதையே மாற்றாக வையுங்கள். புஷ், பின் போன்றவை கிடைக்காவிட்டால் கலங்க வேண்டாம். மில்லுக்கு வேலை செய்து பழகிய நம் ஊர் லேத்துக்காரரிடம் பழையதைக் கொடுத்தால் கடைந்து தருவார்.

16. காகிதம். 50 வயது தாண்டி, அசல் உருவில் உள்ள வண்டிக்கு வின்டேஜ் பதிவு என்று 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பரில் 'வி.ஏ.' என்று வரும். 1975-ல் வந்த மார்க் 3 அம்பாசடரும் இப்போது இந்த வயதைத் தொட்டுவிட்டது. கௌரவமாக இருக்கிறது என்று அவசரப்பட்டுப் போடாதீர்கள். அந்தப் பதிவு வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்ட அனுமதிக்காது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை திருச்சுழிக் கோயிலுக்குப் போய்வர ஆசைப்பட்டால் சாதாரணப் பதிவையே ஐந்து வருஷத்துக்கொரு தரம் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டணத்தையும் 2022-ல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகும் ஏற்றினார்கள். வண்டி வாங்குவதற்கு முன்பே இதைக் கணக்கில் வையுங்கள். ஆர்.சி. இல்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள்.

17. கடைசியாக, ரோட்டைப் பற்றி. 40-ல் போகிறவருக்குத்தான் குழி எங்கே இருக்கிறதென்று தெரியும். 100-ல் போகிறவருக்குக் குலுங்கியது மட்டும்தான் தெரியும். ஆகவே புகார் கொடுக்க வேண்டியது நாம்தான். ரோடு யாருடையது என்பதை மைல்கல்லின் தலை நிறம் சொல்லும். மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு கிராம சாலைத் திட்டத்தில் போட்டது. நெடுஞ்சாலைத்துறை ரோடு என்றால் 'நம்ம சாலை' செயலியில் படத்தோடு பதியுங்கள். ஊராட்சி ரோடு என்றால் யூனியன் ஆபீஸில் மனு கொடுங்கள். "பெரிய பள்ளம் இருக்கிறது" என்று எழுதினால் யாரும் தேடி வர மாட்டார்கள். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவே, எத்தனையாவது கிலோமீட்டர் கல்லிலிருந்து எத்தனை அடி, இடதா வலதா என்று எழுதுங்கள். மனுவின் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் ஆபீஸை விட்டு வெளியே வராதீர்கள்.